அடுத்தவன் பாடு

மத்திய சிறை
9.7.2024

அன்புள்ள தங்கச்சி மாலாவுக்கு,

உன் அண்ணன் தேசப்பன் எழுதுவது. முதல் வரியில் நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். உன் நலத்தை விசாரிக்க எனக்கு எந்த வாய் இருக்கிறது? உள்ளே வந்து நாலு வருஷம் எட்டு மாசத்தில் உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. கிழிப்பதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு டிவி கதைக்கு முடிவு தெரிய வேண்டும்.

எங்கள் சிறைத் தொகுதிக் கூடத்தில் ஒரு டிவி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு அந்த விண்வெளித் தொடர் வருகிறதே, அதைப் பார்க்க விடுவார்கள். வாரத்துக்கு ஒரு தனிக் கதை. ஆறு மணிக்கு விசில் ஊதி எங்களை உள்ளே அனுப்பிப் பூட்டிவிடுவார்கள். கதை முடிய ஆறேகால் ஆகும். ஆக, முப்பது வாரமாக ஒரு கதைக்கும் எங்களுக்கு முடிவு தெரியாது. ஆளாளுக்கு ஒரு முடிவு சொல்லிக்கொள்வோம். மீஞ்சூர் வின்சென்ட் என்று ஒருத்தன், வெளியே கேபிள் டிவி நடத்தினவன், அவன் சொல்வதுதான் கடைசியில் நிற்கும்.

மற்ற வாரம் என்றால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். இந்த ஞாயிறு வந்த 'காவல் முறை' கதையை அப்படி விட முடியவில்லை. ஒரு கப்பல் ஏதோ ஒரு நட்சத்திரத்துக்குப் போகிறது. போய்ச் சேர எத்தனையோ வருஷம். உள்ளே நாற்பது பெட்டி, நாற்பது பேர் குளிரில் தூங்குகிறார்கள். முறை போட்டு ஆளுக்கு ஒரு வருஷம் விழித்திருந்து கப்பலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வருஷம் முடிந்தால் அடுத்த ஆளை எழுப்பிவிட்டுத் தான் படுத்துவிட வேண்டும். கதிர் என்கிறவன் முறை முடிகிறது. அடுத்தது யாழினி என்கிற டாக்டரம்மா. அவள் பெட்டியின் பச்சைப் பொத்தானில் கையை வைக்கிறான். அழுத்தவில்லை.

நன்றாக எடுத்திருந்தான், மாலா. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, கை மட்டும் பொத்தான் மேலேயே இருக்கிறது. எங்கள் கூடத்தில் எழுபது பேர் இருந்தோம். ஒருத்தன்கூட இருமவில்லை. இன்னும் ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் என்று அடுத்தவள் முறையில் அவன் வாழ ஆரம்பிக்கிறான். அது வருஷக்கணக்காகிவிடுகிறது.

குறையும் உண்டு. அத்தனை வருஷம் தனியாகக் கிடந்தவன் தாடி, ஓரம் வெட்டின மாதிரி அழகாக இருக்கிறது. நரைக்கு மாவைக் கொட்டியிருக்கிறான். நடுவில் ஷாம்பு விளம்பரம் வேறே. கிழவனான பிறகு ஒருநாள் பொத்தானை அழுத்துகிறான், பெட்டி மூடி திறக்கிறது, புகை வருகிறது, இங்கே விசில் ஊதிவிட்டார்கள்.

அவள் கண்ணைத் திறந்து என்ன சொன்னாள்? அது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.

கோமளாவைக் கேட்கலாமே என்பாய். என் பெண்டாட்டி டிவியை விற்று இரண்டு வருஷம் ஆகிறது.

இப்படிக்கு,
தேசப்பன்


மேட்டுக்குப்பம்
20.7.2024

தேசப்பனுக்கு,

என் புருஷனைக் கழியால் அடித்துக் கொன்றவன், டிவி கதைக்கு முடிவு கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறான். தபால்காரர் கையில் கொடுத்ததும் உன் கையெழுத்தைப் பார்த்து அங்கேயே நின்று பிரித்தேன். என்னமோ மனசு மாறி எழுதியிருக்கிறாயாக்கும் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இங்கே என்ன நிலவரம் என்று தெரிந்துகொள். ஏரியில் வலை போடுகிற பாட்டு முறைச் சீட்டில் அவர் பேரும் இல்லை, உன் பேரும் இல்லை. இரண்டு வலை குறைந்ததில் மற்றவர்களுக்கு முறை சீக்கிரம் வருகிறது. நான் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். சத்யாவுக்கு ஒன்பது வயசு. நைனா எப்படிச் செத்தார் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்துவிட்டது. யார் அடித்தது என்பதும் தெரியும்.

முடிவு எல்லாம் சொல்ல முடியாது. உனக்கு முடிவு தெரியாமல் இருப்பது ஒரு கஷ்டமா?

பெட்டி நாற்பது இல்லை, நாற்பத்திரண்டு. எழுதுவதையாவது சரியாக எழுது.

மாலா


மத்திய சிறை
29.7.2024

அன்புள்ள மாலா,

நீ திட்டினது எல்லாம் சரி. பதில் போட்டாயே, அதுவே எனக்குப் பெரிசு. நாற்பத்திரண்டு என்று எழுதினாய். அப்படியென்றால் நீயும் அந்தக் கதையைப் பார்த்திருக்கிறாய். அதை மட்டும் பத்து தடவை படித்தேன்.

வின்சென்ட்டுக்கும் எனக்கும் இந்தக் கதையை வைத்து ஒரு வாரமாகச் சண்டை. அவன் சொல்கிறான், "இன்னா கதை இது? அவ்ளோ பெரிய கப்பலை ஓட்டுற மிஷினுக்கு ஒரு பொம்பளையை எழுப்பத் தெரியாதா? மனுஷன் கையில ஏன் வுட்டாங்க?"னு. அதுதான் கதையின் பெரிய ஓட்டை, மற்றதெல்லாம் அதில் ஒழுகிவிடுகிறது என்கிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முறை என்பதே மனுஷன் வாயில் இருப்பதுதான், மிஷின் எழுப்பினால் அது முறை இல்லை, அலாரம் என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. அதனால் பாடு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏரியில் எறா நன்றாக வலையில் விழுகிற இடம் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒன்றுதான். அத்தனை வலையும் ஒரே நாளில் அங்கே இறங்க முடியாது. அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறோம், அன்றைக்கு அந்த இடம் அவனுக்கு, அடுத்தவன் கழி ஊன்றக் கூடாது, இதற்குச் சர்க்கார் காகிதமும் கிடையாது, போலீசும் கிடையாது என்றேன். வின்சென்ட் வாயைப் பிளந்துவிட்டான். "அப்போ அந்தக் கதையை உங்க ஊர்க்காரன்தான்டா எழுதியிருக்கணும்" என்றான்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. விண்வெளி, நட்சத்திரம் எல்லாம் மேல் பூச்சு. கதையின் பலம் அந்தப் பயல் திருடனாக இல்லை என்பதுதான். வைராக்கியமாகத் தன் வருஷத்தை ஒழுங்காகக் காத்தவன். எதிரே காலித் தட்டு வைத்துச் சாப்பிடுகிறான் பார், அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். குறை என்னவென்றால், அந்த மாதிரி ஒருத்தன் எந்த நிமிஷத்தில் கெட்டுப்போனான் என்று காட்டவே இல்லை. கை பொத்தான் மேலே இருக்கிறது, அடுத்த காட்சியில் தாடி வளர்ந்துவிட்டது. நடுவில் இருப்பதை முழுங்கிவிட்டான்.

பிறகு வின்சென்ட் ஒன்று கேட்டான். "ஒரு ஆளோட முறையன்னிக்குக் கப்பல்ல எழவு வுழுந்து எல்லாம் நின்னு போச்சுன்னு வச்சுக்கோ. அந்த நாள் அவனுக்குப் போச்சா, இல்ல மறுநாள் அவனுக்கா?"

அவன் தெரியாமல்தான் கேட்டான். நான் எழுந்து போய்விட்டேன்.

உன்னிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. சத்யா நன்றாகப் படிக்கட்டும்.

தேசப்பன்


மேட்டுக்குப்பம்
12.8.2024

தேசப்பனுக்கு,

சரி, முடிவையே சொல்கிறேன். கேட்டுவிட்டு இனிமேல் நச்சரிக்காதே.

யாழினி கண்ணைத் திறக்கிறாள். எதிரில் ஒரு கிழவன். சுவரில் முப்பத்தொரு வருஷம் என்று காட்டுகிறது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முகத்தைத் தடவுகிறாள், தான் படுத்திருந்த பெட்டியில் அவனைப் படுக்க வைத்துப் போர்த்துகிறாள், போய் நாற்காலியில் உட்காருகிறாள். ஜன்னலில் நட்சத்திரம், பின்னால் வயலின் அழுகிறது, முடிந்தது. பக்கத்து வீட்டு ஜெபசெல்வி அக்காவும் என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். மூக்கைச் சிந்தி முந்தானையே நனைந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எந்த ஊரில் பொம்பளை இப்படி இருப்பாள்? முப்பத்தொரு வருஷம் உன்னை எழுப்பாமல் ஒருத்தன் உட்கார்ந்திருந்தால், எழுந்ததும் முதல் வேலை முகத்தைத் தடவுவதா? நாலு கேள்வி கேட்டிருக்க மாட்டாளா? எழுதினவன் ஆம்பளை. தப்புப் பண்ணினவன் மன்னிப்புக் கேட்காமலேயே மன்னிப்புக் கிடைத்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அந்தக் கதையில் யாருக்கும் ஒன்றும் போகவில்லை. யோசித்துப் பார். அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அவள் வருஷம் அவளுக்கு அப்படியே இருக்கிறது, எழுந்து வாழ்ந்துகொள்வாள். வயசு போனது அவனுக்குத்தான். யாருக்கும் நஷ்டமில்லாத திருட்டைக் காட்டி நம்மை அழச் சொல்கிறான். அடுத்தவன் பாட்டை எடுத்தால் என்ன போகும் என்று என்னிடம் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எனக்குப் பிடித்த இடமும் ஒன்று உண்டு. நீ அது காட்டவில்லை என்று எழுதினாய், காட்டினான், நீ கவனிக்கவில்லை. தினமும் அவன் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவானே. பொத்தானை அழுத்தாத அன்றைக்கு அந்த நோட்டில் முந்தின நாள் தேதியையே மறுபடி எழுதுகிறான். ஒரு நொடிதான் வரும். கை நடுங்கவில்லை, அழகான எழுத்து. அங்கேதான் கெட்டான்.

அதனால்தான் கேட்கிறேன். நாலரை வருஷமாக வாயில் வைத்திருந்த கேள்வி.

அந்த வியாழக்கிழமை உன் பாடு. விடியக்காலையில் மேலத்தெரு நாகம்மாள் செத்துப்போனாள், ஊரில் யாரும் ஏரிக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை அவர் பாடு. எழவு நாள் போனது போனதுதான் என்று சில தடவை முடிவு பண்ணுவார்கள், சில தடவை எல்லோரையும் ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்வார்கள், எது என்று ஊர்த் தலைவர் தருமன் பெரியப்பாதான் சொல்ல வேண்டும். கோர்ட்டில் நீ என்ன சொன்னாய்? அன்றைக்குச் சுடுகாட்டு அலைச்சலில் பெரியப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, மறுநாள் என் பாடுதான் என்று நினைத்துப் போனேன் என்றாய். அதைக் கேட்டும் பெரியப்பா ஏன் வாயே திறக்கவில்லை என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை. உன்மேல் அவருக்கு உயிர். கொரோனாவில் அவரும் போய்விட்டார். இனிமேல் உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு அவர் பாடு என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

இன்னொன்று. நேற்று ஒரு தபால் வந்தது. நன்னடத்தை அலுவலர் ஒருவர் செப்டம்பர் பதினெட்டாம் தேதி வீட்டுக்கு வருகிறாராம். உன்னை முன்கூட்டியே வெளியே விட எனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்பாராம். ஓகோ என்று நினைத்துக்கொண்டேன். டிவி கதை எதற்கு வந்தது என்று இப்போது தெரிகிறது.

மாலா


மத்திய சிறை
23.8.2024

அன்புள்ள மாலா,

முடிவு சொன்னதற்கு நன்றி. தொகுதியில் சொன்னேன். வின்சென்ட் முகம் தொங்கிப்போனது. அவன் சொன்ன முடிவில் கப்பல் வெடித்திருந்தது.

மன்னிப்பு பற்றி நீ எழுதினது சரிதான். ஆனால் பேசாமல் இருப்பதும் ஒரு தண்டனை என்று எழுதினவன் நினைத்திருக்கலாம் இல்லையா? அவள் திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாகப் போயிருக்கும். நோட்டில் தேதி எழுதும் காட்சியை நான் கவனிக்கவில்லை. அந்த நேரம் பக்கத்தில் யாரோ மறைத்துவிட்டான் போல இருக்கிறது.

அலுவலர் விஷயம். முன்கூட்டி விடுகிற பட்டியலில் ஜூன் மாசமே என் பேர் போய்விட்டது, உன்னிடம் விசாரிப்பார்கள் என்றும் சொன்னார்கள். அது தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன். இதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உட்கார்ந்த பிறகு அதை எழுத வரவில்லை, கதைதான் வந்தது. தண்டனை பத்து வருஷம். இன்னும் ஐந்து இருக்கிறது. கோமளா வந்து பார்க்கிற நாளில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் இளைத்துக்கொண்டே போகிறாள். வெளியே வர எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நீ கேட்ட கேள்விக்குக் கோர்ட்டில் என்ன சொன்னேனோ அதுதான். வக்கீல் எழுதிக் கொடுத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு மழை விட்டு எறா ஓடின நாள். யாருக்கும் நிதானம் இல்லை. அதை எல்லாம் இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது?

சத்யாவுக்குக் கண் வலி என்று கோமளா சொன்னாள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் காட்டு.

தேசப்பன்


மேட்டுக்குப்பம்
2.9.2024

தேசப்பனுக்கு,

யாரோ மறைத்தான் என்று எழுதுகிறாய். சின்ன வயசில் இருந்தே உனக்கு மாட்டிக்கொண்டால் பக்கத்தில் யாராவது ஒருத்தன் வேண்டும்.

கோர்ட்டில் சொன்னதைக் கோர்ட்டிலேயே கேட்டுவிட்டேன். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ சொல்ல மாட்டாய். என்னுடையதை நான் சொல்லிவிடுகிறேன். ஜெபசெல்வி அக்காவுக்குத் தெரியாது, அம்மாவும் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தாள்.

அன்றைக்குக் காலையில் அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "உங்க அண்ணனுக்கு வுட்டுக் குடுத்துரலாமா மாலா? நேத்து அவனுக்கு வீணாப் போச்சே. எறா வேற ஓடுது, பாவம்"னார். நான் அடுப்பில் தோசை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவன் பாடு போச்சுன்னா அது அவன் தலையெழுத்து. நம்ம பாட்டை இன்னாத்துக்கு வுட்டுக் குடுக்கணும்? பேசாமப் போய்யா"னேன். அவர் போனார்.

நாலரை வருஷமாக ஒவ்வொரு நாளும் அந்தத் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சரி, விட்டுக் கொடுத்துவிட்டு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார். அடித்தவன் நீ, அனுப்பினவள் நான். உன்னைத் திட்டிவிட்டுத் திரும்பினால் அந்தத் திட்டு என் மேலேயும் விழுகிறது. என் புருஷனுக்கு என்னால் நிம்மதியாக அழக்கூட முடியவில்லை.

பதினெட்டாம் தேதி அந்த அலுவலர் வருவார். அதற்குள் நிஜத்தை எழுதினால் எழுது. இல்லாவிட்டால் இனி எழுதாதே.

மாலா


மத்திய சிறை
9.9.2024

மாலா,

உன் கடிதம் கிடைத்து மூன்று நாள் ஆகிறது. நீ இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பாய் என்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை. என்னை எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை இங்கே ஒருவர் படித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார். படிக்கட்டும்.

எனக்குத் தெரியும். அன்றைக்குப் பூபதி பாடு என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சுடுகாட்டில் தருமன் பெரியப்பா என் தோளில் கை வைத்துச் சொன்னார். "போன பாடு போனதுதான் தேசப்பா. மனசுல வச்சுக்காத. நாளைக்குப் பூபதி போடட்டும்"னார். சரி பெரியப்பா என்று தலையாட்டினேன். நான் கோர்ட்டில் அப்படிச் சொன்ன பிறகு, என் பாவத்துக்காக அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மனுஷனையும் பொய்யனாக்கி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். இருபத்தெட்டு நாள் காத்திருந்து வந்த பாடு, எறா ஓடுகிற வாரம், யாரோ ஒருத்தி சாவுக்குப் போய்விட்டதே என்று பொருமிக்கொண்டே இருந்தேன். விடியும்போது, எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். அந்த நோட்டுக் காட்சியை யாரும் மறைக்கவில்லை மாலா. நன்றாகவே பார்த்தேன்.

நான் படகில் போனபோது அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கழி ஊன்றிக்கொண்டிருந்தான். "இன்னா மச்சான், இந்தப் பக்கம்?"னான். இன்னிக்கு என் பாடுன்னேன். "நேத்து போனது போச்சுன்னு பெரியப்பா சொன்னாரே, உங்கிட்ட சொல்லலியா?"ன்னு கேட்டான். யாரும் ஒண்ணும் சொல்லலன்னேன். என் முகத்தைப் பார்த்தான். சிரித்தான்.

"மச்சான், உனக்குப் பொய் சொல்லவே வராது. சரி வுடு, நீயே போட்டுக்க. நானும் கெளம்பறப்பவே நெனச்சேன், உனக்கு வீணாப் போச்சேன்னு. எறா உன் வலையில வுழுந்தா இன்னா, என் வலையில வுழுந்தா இன்னா?"

இதுதான் அவன் பேசின கடைசிப் பேச்சு. சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி, ஊன்றின கழியைப் பிடுங்க ஆரம்பித்தான்.

அவன் திட்டியிருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன். சட்டையைப் பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன், அதோடு போயிருக்கும். என் பொய்யைப் பார்த்துவிட்டு, அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாமல், சிரித்துக்கொண்டே கொடுத்தான். எனக்குப் பிச்சை போட்ட மாதிரி இருந்தது. படகு தள்ளுகிற கழி கையில் இருந்தது. பின்னால் இருந்து அடித்தேன். ஒரே அடி. இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம், வழுக்கி விழுந்தான் என்று சொன்னதெல்லாம் பொய். சண்டையே நடக்கவில்லை. விழுந்ததும் நான் உடனே இறங்கித் தூக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் படகிலேயே நின்றேன் என்று எனக்கே தெரியாது.

அதனால் நீ நினைப்பது தப்பு. உன் பேச்சைக் கேட்டு அவன் சாகவில்லை. நீ போகச் சொன்ன பிறகும் அவன் விட்டுத்தான் கொடுத்தான். அது உன்னால் வந்த சாவு இல்லை, முழுக்க என்னால் வந்தது. நீ சுமந்தது உன்னுடையது இல்லை, இறக்கி வை.

பதினெட்டாம் தேதி நீ என்ன சொன்னாலும் சரி. இதைச் சொல்லிவிட்டு என்னை விடச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

தேசப்பன்


மேட்டுக்குப்பம்
20.9.2024

அண்ணா,

உன் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. கேன்டீனுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. பஸ் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது, நானும் அதிலேயே உட்கார்ந்து வந்துவிட்டேன்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்தக் கடிதம் வரும் வரைக்கும், ஆட்சேபணை இல்லை என்று சொல்வதாகத்தான் இருந்தேன். பாதிப் பழி என்னுடையது என்று நினைத்தேன். இரண்டு பேர் பண்ணின தப்புக்கு ஒருத்தன் மட்டும் உள்ளே இருக்கிறான், இன்னொருத்தி வெளியே தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள், இது நியாயம் இல்லை என்று நினைத்தேன். உன்னை வெளியே விட்டால் என் பாரமும் கொஞ்சம் குறையும் என்று ஒரு கணக்கு. நீ பொய்யிலேயே இருந்திருந்தால் இந்நேரம் உனக்கு வழி பிறந்திருக்கும்.

பதினெட்டாம் தேதி பதினோரு மணிக்கு அலுவலர் வந்தார். வயசானவர், மரியாதையான மனுஷன். தண்ணீர் கொடுத்தேன். தெருவிலும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். கோமளா அண்ணி அவர் பின்னாலேயே வந்து எங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை. நாலரை வருஷம் கழித்து அவள் முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன். என்னைவிட அவள் கிழவியாகிவிட்டாள்.

"உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது இருக்காம்மா?"ன்னு கேட்டார்.

"இருக்குது சார்"னேன்.

காரணம் கேட்டார். என் புருஷன் நல்லவர் என்றேன். அதை எப்படி எழுதுவது என்று கேட்டார். அப்படியே எழுதுங்கள் என்றேன். எழுதினார். கையெழுத்துப் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது வேலிப் பக்கம் அண்ணி இல்லை. பின்னாலேயே அவள் வீடு வரைக்கும் போனேன், கதவு சாத்தியிருந்தது. தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி மிச்ச வருஷமும் நீ அங்கேதான். நீ நிஜம் சொன்னதற்கு நான் கொடுத்த கூலி இது என்று நினைப்பாய். நினைத்துக்கொள். எனக்கும் அது வலிக்கிறது, வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிரித்துக்கொண்டே விட்டுக் கொடுத்த மனுஷனைப் பின்னால் இருந்து அடித்தவனை, வாசலைத் திறந்து வா என்று சொல்ல என்னால் முடியவில்லை. எப்போதாவது முடியுமா என்றும் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சத்யா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அவருக்காக அழுதேன். வெறும் அவருக்காக மட்டும். சாயங்காலம் வரைக்கும் அழுதேன்.

உன் கடிதத்தை அந்த அலுவலரிடம் காட்டவில்லை. அங்கே சிறையில் படித்தவர் படித்தது அவரோடு போகட்டும். என்னிடம் இருந்து அது யார் கைக்கும் போகக் கூடாது என்று அடுப்பில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன், அவர் கடைசியாகப் பேசினதாக நீ எழுதினாயே, அந்த நாலு வரியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டேன். சத்யாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். நைனா குரல் எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

மாலா